ஆறு வார ஓய்வும் அட்டவணையின் அடித்தட்டும்

2022 நவம்பர் 13 அன்று இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நின்றது. கத்தாரின் கோடை வெயிலில் உலகக் கோப்பை ஆட முடியாது என்று போட்டியை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளியிருந்தது ஃபிஃபா. ஐரோப்பிய லீக்குகளுக்கு அது சீசனின் நட்டநடு. வேறு வழியில்லாமல் எல்லாரும் கடையைச் சாத்தினார்கள். அன்றைய புள்ளிப்பட்டியலில் கடைசி இடம் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸுக்கு. 15 ஆட்டங்களில் 10 புள்ளிகள். அடித்த கோல்கள் வெறும் 8. அக்டோபர் தொடக்கத்திலேயே பயிற்சியாளர் புரூனோ லாஜை நீக்கியிருந்தார்கள். ஒரு மாதம் போல ஆள் தேடிய பிறகு வந்த ஹூலென் லோபெதெகி பொறுப்பேற்றது லீக் நின்றதற்கு மறுநாள், நவம்பர் 14.

டிசம்பர் 26 அன்று ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. எவர்ட்டனின் மைதானத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் ராயன் ஐத்-நூரி அடித்த கோலால் வுல்வ்ஸ் 2-1 என வென்றது. மே மாத முடிவில் 41 புள்ளிகளுடன் 13ஆம் இடம். கிறிஸ்துமஸ் அன்று கடைசி இடத்தில் இருந்துவிட்டுத் தரமிறங்காமல் தப்பிய அணிகள் பிரீமியர் லீக் வரலாற்றில் அதற்கு முன் மூன்றுதான்: வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன், சண்டர்லேண்ட், லெஸ்டர். வுல்வ்ஸ் நான்காவது. ஆறு வார இடைவெளியில் புதிய பயிற்சியாளர் அணியைப் பிரித்து மாட்டினார், இடைவேளை சரியான நேரத்தில் வந்தது என்றுதான் இந்தக் கதை சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது.

இதே கதையை இன்னொரு அணியை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம். பட்டியலில் வுல்வ்ஸுக்கு ஒரு படி மேலே, 12 புள்ளிகளுடன் நின்றது சவுத்தாம்ப்டன். அவர்களும் அதே நவம்பரில்தான் பயிற்சியாளரை மாற்றினார்கள். நான்கு ஆண்டுகளாக இருந்த ரால்ஃப் ஹாசன்ஹூட்டல் போனார். லூட்டன் டவுனிலிருந்து நேதன் ஜோன்ஸ் வந்தார். இடைவேளைக்கு முன் அவருக்குக் கிடைத்தது லிவர்பூலுக்கு எதிரான ஒரே ஓர் ஆட்டம். அதன்பின் லோபெதெகிக்குக் கிடைத்த அதே ஆறு வாரங்கள், அதே பயிற்சித்திடல் நேரம், அதே ஜனவரி மாத வீரர் சந்தை. சவுத்தாம்ப்டன் அந்தச் சந்தையில் கஞ்சத்தனம் காட்டியதாகவும் சொல்ல முடியாது. ஆனால் ஜோன்ஸ் பிப்ரவரி நடுவரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவருடைய 8 லீக் ஆட்டங்களில் வெற்றி ஒன்று. கடைசித் தோல்வி சொந்த மைதானத்தில், ஒரு வீரர் வெளியேற்றப்பட்டு 10 பேருடன் ஆடிய வுல்வ்ஸிடம். இடைவேளைக்குப் பிந்தைய 23 ஆட்டங்களில் சவுத்தாம்ப்டன் சேர்த்தது 13 புள்ளிகள். முடிவில் 25 புள்ளிகளுடன் கடைசி இடம். அதே காலத்தில் வுல்வ்ஸ் சேர்த்தது 31.

ஓய்வு ஒன்றுதான், விளைவு நேர்மாறு. இதை வைத்து இடைவேளையால் பயனில்லை என்று முடித்துவிடவும் கூடாது, இரண்டு அணிகளின் கதை எதையும் நிறுவாது. கொஞ்சம் விரித்துக் கணக்குப் போட வேண்டும். அதற்கு 2022 நல்ல ஆண்டு. வழக்கமாக ஓர் அணி தானே தேடிப் போகும் ஓய்வை ஆராய்வது கடினம்: நெருக்கடியில் இருக்கும் அணிதான் ஓய்வைத் தேடும் என்பதால் காரணமும் விளைவும் பின்னிக்கொள்ளும். 2022இன் இடைவேளையை எந்தக் கிளப்பும் கேட்டு வாங்கவில்லை. தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. சரிந்துகொண்டிருந்தவர்கள் மீதும் ஏறிக்கொண்டிருந்தவர்கள் மீதும் ஒரே நாளில் வந்து விழுந்தது.

நவம்பர் 13 அன்று பிரீமியர் லீக்கின் கடைசி ஐந்து அணிகள் வெஸ்ட் ஹாம், எவர்ட்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், சவுத்தாம்ப்டன், வுல்வ்ஸ். ஐந்தும் சேர்ந்து 75 ஆட்டங்களில் எடுத்திருந்தது 63 புள்ளிகள், அதாவது ஆட்டத்துக்கு 0.84. இடைவேளைக்குப் பின் அதே ஐந்தும் 115 ஆட்டங்களில் 117 புள்ளிகள் எடுத்தன: ஆட்டத்துக்கு 1.02. முன்னேற்றம் கண்கூடு. ஓய்வு வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள்.

நாம் ஜெர்மனிக்குப் போவோம். பண்டஸ்லிகாவும் அதே நவம்பர் 13 அன்றுதான் நின்றது. ஆனால் அங்கே குளிர்கால ஓய்வு பழைய வழக்கம். உலகக் கோப்பை இடைவேளையோடு அதையும் சேர்த்துவிட்டதால் மறுபடி பந்து உருண்டது ஜனவரி 20 அன்று. இங்கிலாந்தில் ஆறு வாரம் என்றால் ஜெர்மனியில் ஏறக்குறைய பத்து. அங்கே கடைசி நான்கு அணிகள் ஹெர்த்தா பெர்லின், ஸ்டுட்கார்ட், போகும், ஷால்க. இடைவேளைக்கு முன் 60 ஆட்டங்களில் 50 புள்ளிகள், சராசரி 0.83. பின்னர் 76 ஆட்டங்களில் 78, சராசரி 1.03.

ஓய்வு மருந்து என்றால், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மருந்துக்குக் கொஞ்சமாவது கூடுதல் பலன் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஒரே ஆண்டின் இரண்டு லீக்குகளை வைத்து நான் பெரிதாக எதையும் கட்டப்போவதில்லை. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி வந்ததில் தற்செயலும் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே பழைய விதியைச் சுட்டுகின்றன. பிரான்சிஸ் கால்ட்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டுச் சொன்ன சராசரி நோக்கிய திரும்பல்தான் அது. மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிட உயரமாகவும் வளர்கிறார்கள். ஓர் அணியின் 15 ஆட்டங்களில் அதன் தரம் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கு மிகவும் குறையாமல் நேரமும் இருக்கிறது: கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, காயத்தால் வெளியேறிய கோல்கீப்பர், தொடக்கத்திலேயே வலுவான எதிரிகளாகக் கொண்டுவந்து நிறுத்திய ஆட்ட அட்டவணை. கடைசி இடத்தில் இருக்கும் அணி பலவீனமான அணி மட்டுமல்ல, பெரும்பாலும் கெட்ட நேரமும் வாய்த்த அணி. பலவீனம் தொடரும், கெட்ட நேரம் அதே அளவில் தொடராது. லீக்கின் பொதுச் சராசரி ஆட்டத்துக்கு 1.4 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. அந்த ஐந்து இங்கிலாந்து அணிகளும் தங்களுக்கும் சராசரிக்கும் இடையிலிருந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடந்திருக்கின்றன. இதற்கு விடுமுறை எதுவும் தேவையில்லை.

அதே பட்டியலில் இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தால் கதை தலைகீழாகிறது. கடைசி ஐந்துக்கு நேர் மேலே இருந்த மூன்று அணிகள் லெஸ்டர், போர்ன்மவுத், லீட்ஸ். மூன்றும் சேர்ந்து ஆட்டத்துக்கு 1.09 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தன. இடைவேளைக்குப் பின் அது 0.80 ஆனது. இதில் லெஸ்டரின் கதை உறைக்கிறது. சீசனை மிக மோசமாகத் தொடங்கி, அக்டோபரிலிருந்து நிமிர்ந்து, கடைசி 8 ஆட்டங்களில் 5 வெற்றிகளோடு 13ஆம் இடத்துக்கு வந்திருந்தது. அந்த ஓட்டத்தை உலகக் கோப்பை துண்டித்தது. திரும்பி வந்ததும் நியூகாசில், லிவர்பூல், ஃபுல்ஹாம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என வரிசையாக நான்கு லீக் தோல்விகள். லிவர்பூல் ஆட்டத்தில் வவுட் ஃபாஸ் தன் அணியின் வலைக்குள்ளேயே இரண்டு முறை பந்தைத் தள்ளினார். மே மாதம் லெஸ்டர் தரமிறங்கியது, லீட்ஸும் கூடவே போனது. அந்த ஆண்டு இறங்கிய மூன்றில் இரண்டு அணிகள் இடைவேளையின்போது கடைசி ஐந்தில் இல்லாதவை. கீழே இருப்பவர்களுக்கு ஓய்வு உதவியது என்று சொல்பவர், ஓரளவு தேறிவந்தவர்களை அதே ஓய்வு கவிழ்த்தது என்றும் சொல்லியாக வேண்டும். புள்ளிகள் வானத்திலிருந்து வருவதில்லை, அடுத்தவரிடமிருந்துதான் வருகின்றன.

பயிற்சியாளரை நீக்குவது பற்றிய ஆய்வுகள் இந்தப் பொறியை முன்பே கண்டுகொண்டுவிட்டன. நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களை பாஸ் தெர் வேல் ஆராய்ந்தார். பின்னர் யான் வான் அவர்ஸும் மார்ட்டின் வான் டுய்லும் அதே லீக்கின் 14 சீசன்களை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் போனபின் அணிகள் தேறுவது உண்மைதான். ஆனால் அதே அளவுக்குச் சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது, அவையும் ஏறக்குறைய அப்படியே தேறியிருந்தன. அணி எந்த அளவு எதிர்பார்ப்புக்குக் கீழே போயிருக்கிறது என்பதை அளக்க, இரண்டாவது ஆய்வு பந்தய நிறுவனங்கள் கொடுத்த விகிதங்களைப் பயன்படுத்தியது, கெட்டிக்காரத்தனமான வழி. பொருளாதாரத்தில் இதற்கு ஆஷன்ஃபெல்டர் சரிவு என்று பெயர். தொழிற்பயிற்சித் திட்டங்களில் சேர்பவர்களின் வருமானம் சேர்வதற்குச் சற்று முன்பு இறங்கியிருப்பதை ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978இல் கவனித்தார். இறங்கியதால்தான் வந்து சேர்கிறார்கள். பயிற்சி இல்லாவிட்டாலும் கொஞ்சம் ஏறியிருப்பார்கள். வேலை போகும் பயிற்சியாளருக்கும், ‘கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தால் போதும்’ என்று ஏங்கும் அணிக்கும் இது அப்படியே பொருந்தும்.

இன்னொரு சிக்கல், ஐரோப்பியக் கால்பந்தில் இடைவேளைகள் அதிகம். தேசிய அணிகளுக்காக செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் லீக்குகள் இரண்டு வாரம் போல நிற்கும். எந்த அணி எப்போது நிமிர்ந்தாலும் சற்று முன்னால் ஏதோ ஓர் இடைவேளை இருக்கும். 2014-15இல் லெஸ்டர் 29 ஆட்டங்களில் 19 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது. மீதி 9 ஆட்டங்களில் 7 வெற்றி, 1 சமன், 22 புள்ளிகள்; பிழைத்தது. மறு ஆண்டு அதே அணி லீக் பட்டத்தையே வென்றது என்பதால் இந்த மீட்சி காவியமாகிவிட்டது. அந்த ஓட்டம் தொடங்கியது ஏப்ரல் 4 அன்று வெஸ்ட் ஹாமுக்கு எதிராக. அதற்கு முந்தைய ஆட்டம் மார்ச் 21 அன்று டாட்டன்ஹாமிடம் 4-3 தோல்வி. நடுவில் தேசிய அணி இடைவேளை! மனம் வைத்தால் லெஸ்டரின் அதிசயத்தையும் இடைவேளைக் கணக்கில் எழுதிவிடலாம். யாரும் எழுதுவதில்லை, அதற்குச் சொல்ல வேறு நல்ல கதைகள் இருக்கின்றன.

உடலுக்கு ஓய்வு வேண்டாமா என்ற கேள்வி வேறு. அங்கே ஆதாரம் ஓரளவு உறுதியானது. யான் எக்ஸ்ட்ரான்ட் தலைமையிலான குழு ஐரோப்பிய அணிகளை ஏழு சீசன்கள் தொடர்ந்து கவனித்தது. குளிர்கால ஓய்வு இல்லாத அணிகள், ஓய்வுள்ள அணிகளைவிட ஒரு சீசனுக்குச் சராசரியாக 303 ஆட்டக்காரர்-நாட்களைக் கூடுதலாகக் காயங்களுக்கு இழந்தன என்பது முடிவு. 25 பேர் கொண்ட அணி என்று வைத்தால் ஆளுக்கு 12 நாள். இது சிறிய எண் அல்ல. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவை பெரும்பாலும் மேல்நிலை அணிகள், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுபவை. அடித்தட்டு அணியின் நிலை வேறு. அது ஐரோப்பியக் கோப்பைகளில் பெரும்பாலும் இல்லை. உள்நாட்டுக் கோப்பையிலிருந்தும் சீக்கிரம் வெளியேறியிருக்கும். அதன் நோய் களைப்பல்ல. ஓய்வு யாருக்கு அதிகம் உதவக்கூடும் என்று கேட்டால், மேலே இருப்பவர்களுக்கு என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

அங்கும் கணக்கு சுத்தமாக வருவதில்லை. இடைவேளையின்போது பொருஸ்ஸியா டார்ட்மண்ட் ஆறாம் இடத்தில், பேயர்ன் மியூனிக்குக்கு 9 புள்ளிகள் பின்னால் இருந்தது. ஜனவரியில் திரும்பி வந்து தொடர்ந்து 8 லீக் ஆட்டங்களை வென்றது. கடைசி நாளில் மைன்ஸிடம் 2-2 என்று கோட்டைவிட்டு, 71 புள்ளிகளில் சமமாக இருந்தும் கோல் வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தது. ஓய்வின் மகிமைக்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்று தோன்றும். ஆனால் அதே ஜனவரியில்தான், விரைப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து முன்கள வீரர் செபாஸ்டியன் ஹாலர் அந்த அணிக்காக முதல்முறையாகக் களமிறங்கினார். சீசன் முடிவதற்குள் லீக்கில் 9 கோல்கள் அடித்தார். பேயர்னுக்கோ ஓய்வே காயத்தைக் கொண்டுவந்தது. கேப்டன் மானுவல் நொயர் உலகக் கோப்பையிலிருந்து திரும்பியபின் விடுமுறையில் பனிச்சறுக்குக்குப் போய்க் காலை முறித்துக்கொண்டார். புது கோல்கீப்பர் வாங்க வேண்டியதாயிற்று. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் பேயர்ன் முதல் மூன்றையும் 1-1 எனச் சமன் செய்தது.

இவ்வளவுக்குப் பிறகும், இடைவேளையால் பிழைத்தது என்று துணிந்து சொல்லக்கூடிய ஓர் அணி எனக்குத் தெரியும்: 2020இன் ஆஸ்டன் வில்லா. கொரோனாவால் லீக் நின்றபோது வில்லா 28 ஆட்டங்களில் 25 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் இருந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களிலும் தோல்வி, அதில் கடைசி லெஸ்டரிடம் 4-0. ஆட்டத்துக்குச் சரியாக 2 கோல் வீதம் 56 கோல்களை விட்டிருந்தார்கள். மார்ச்சிலிருந்து ஜூன் வரை மூன்று மாதம் பந்து உருளவில்லை. பயிற்சியாளர் டீன் ஸ்மித் அந்தக் காலத்தைத் தற்காப்பைச் சரிசெய்யவே செலவிட்டார்: எந்த இடைவெளிகளில் எதிரிகள் நுழைகிறார்கள், பந்து கைமாறியதும் யார் எங்கே திரும்ப வேண்டும். திரும்பிவந்தபின் ஆடிய 10 ஆட்டங்களில் விட்ட கோல்கள் 11. எதிரணிகளில் செல்சியும் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆர்சனலும் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதியாகக் குறைந்ததைச் சராசரி நோக்கிய திரும்பல் என்று மட்டும் சொல்லி நான் தள்ளமாட்டேன்.

ஆனால் புள்ளிகள் என்ன ஆயின? முதல் 6 ஆட்டங்களில் 2 சமன், 4 தோல்வி. தற்காப்பு இறுகிய அதே வேளையில் கோல் அடிப்பதும் வற்றியது. 10 ஆட்டங்களில் 7 கோல்கள்தான். கடைசி நான்கு ஆட்டங்களில் கிறிஸ்டல் பேலஸையும் ஆர்சனலையும் வென்று, எவர்ட்டனையும் வெஸ்ட் ஹாமையும் சமன் செய்து 8 புள்ளிகள் சேர்த்தார்கள். முடிவில் 35 புள்ளி. இறங்கிய போர்ன்மவுத்துக்கும் வாட்ஃபர்டுக்கும் தலா 34. இந்த ஒரு புள்ளியின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. ஜூன் 17 அன்று லீக் மறுபடி தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே ஷெஃபீல்ட் யுனைடெட்டின் ஃப்ரீ கிக்கைப் பிடித்த வில்லா கோல்கீப்பர் ஓர்யான் நிலாண்ட், பந்தோடு கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். கோல்கோட்டைக் கண்காணிக்கும் ஹாக்-ஐ கருவி, கேமராக்களின் பார்வை மறைக்கப்பட்டதால், நடுவரின் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பவில்லை. ஆட்டம் 0-0. அந்த கோல் கணக்கில் ஏறி ஆட்டமும் அப்படியே முடிந்திருந்தால் வில்லாவுக்கும் 34 புள்ளிதான். கோல் வித்தியாசத்தில் போர்ன்மவுத் தப்பியிருக்கும். மூன்று மாத உழைப்பும் வேண்டியிருந்தது, ஒரு கருவியின் மௌனமும் வேண்டியிருந்தது. இந்த இரண்டில் எதை விட்டாலும் வில்லாவின் கணக்கு உதைக்கும்.

அதே மூன்று மாதம் நார்விச் சிட்டிக்கும் கிடைத்தது. திரும்பிவந்து ஆடிய 9 ஆட்டங்களிலும் தோல்வி. லீக் நின்றபோது 21 புள்ளி, சீசன் முடிந்தபோதும் 21.

இவற்றை அடுக்கிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். இடைவேளை ஃபார்மைத் திருப்பித் தருவதில்லை, பயிற்சித்திடலில் நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தில் கற்றுத்தரக்கூடியது அணியிடம் குறைவாக இருந்தால் பலன் உண்டு. தற்காப்பு அமைப்பு அப்படிப்பட்டது: நிற்கும் இடம், நகரும் நேரம், ஒருவருக்கொருவர் உள்ள தூரம் இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து பழக்கலாம். கோல் அடிப்பது அப்படியல்ல. ஷால்கவின் 2023 இதற்கு இன்னொரு சான்று. 15 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கிடந்த அணி, பத்து வார ஓய்வுக்குப் பின் முதல் இரண்டு ஆட்டங்களில் 0-3, 1-6 என அடி வாங்கியது. அதன்பின் வரிசையாக நான்கு ஆட்டங்கள், நான்கும் 0-0. பிறகே ஸ்டுட்கார்டையும் போகுமையும் வென்றது. இடைவேளைக்குப் பிந்தைய 19 ஆட்டங்களில் 22 புள்ளிகள் நல்ல தேர்ச்சிதான், ஆனால் முதல் பாதியின் பள்ளம் மிக ஆழம். 31 புள்ளிகளோடு இறங்கிப் போனது. வுல்வ்ஸ்கூட 13ஆம் இடத்துக்கு ஏறியது கோல் மழையால் அல்ல. சீசன் முழுவதும் 31 கோல்கள், லீக்கிலேயே குறைந்த எண்ணிக்கை அது. கோல் வேண்டுமென்றால் கிளப்புகள் ஜனவரிச் சந்தைக்குத்தான் போகின்றன. வுல்வ்ஸும் போனது, மத்தேயுஸ் குன்யா, பாப்லோ சராபியா, மாரியோ லெமினா, கிரெய்க் டாசன் எல்லாரும் அந்த ஜனவரியில் வந்தவர்கள்.

ஒரு கிளப்பின் நிர்வாகி ஓய்வுக்காகக் காத்திருக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இங்கிருந்து பிறக்கின்றன. அந்த வாரங்களில் யார் ஊரில் இருப்பார்கள்? தேசிய அணி இடைவேளையில் நல்ல ஆட்டக்காரர்கள் தத்தம் நாடுகளுக்குப் பறந்துவிடுவார்கள். 2022இல் லோபெதெகி பொறுப்பேற்ற நேரத்தில் ரூபென் நெவெஸும் ராவுல் ஹிமேனெஸும் ஹ்வாங் ஹீ-சானும் கத்தாருக்குக் கிளம்பிவிட்டார்கள். நட்சத்திரங்கள் குறைவான அணிக்குத்தான் முழு அணியும் கையில் கிடைக்கும். பிரச்சினை எங்கே இருக்கிறது என்று பயிற்சியாளருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியாதவருக்கு ஆறு வாரமும் ஒன்றுதான், ஆறு மாதமும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் இந்த விவாதம் இப்போது வேறு திசையில் போயிருக்கிறது. ஜெர்மானியர்களைப் பார்த்து 2020 பிப்ரவரியில் முதல்முறையாகக் குளிர்கால ஓய்வைக் கொண்டுவந்த பிரீமியர் லீக், 2024-25 சீசனில் அதைக் கைவிட்டது. நெரிசலான சர்வதேச நாட்காட்டியில் இடமில்லை என்பதே காரணம். அந்த ஓய்வால் யாருடைய ஃபார்ம் தேறியது என்பதல்ல.